புதிதாக நிறுவிய லினக்ஸ்: தொடக்கத்தில் ஒன்றரை நிமிடக் காத்திருப்பு, திணறும் டெஸ்க்டாப்

கேள்வி

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் மடிக்கணினியில் டெபியன் வழிவந்த லினக்ஸ் வழங்கல் ஒன்றை நிறுவினேன். முதல் சில நாட்கள் சிக்கலின்றி ஓடியது. இப்போது கணினியை இயக்கினால், ஏதோ ஒரு நீண்ட அடையாள எண்ணுக்காகக் காத்திருப்பதாகக் கருந்திரையில் ஒரு வரி தோன்றி, ஒரு நிமிடம் முப்பது நொடி எண்ணி முடித்த பிறகே உள்நுழைவுத் திரை வருகிறது. உள்ளே சென்றாலும் திரைத் தெளிவு 1024×768ஐத் தாண்டவில்லை. சாளரத்தைப் பிடித்து இழுத்தால் சுட்டிக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வருகிறது. வெளித்திரையைக் கண்டுகொள்வதே இல்லை. இத்தனைக்கும் கிராபிக்ஸ் அட்டைக்கான டிரைவரை முறைப்படிதான் நிறுவினேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவுவதுதான் வழியா?

மறுமொழி 1

அழிக்க வேண்டாம். இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு கோளாறுகள் என்றே நினைக்கிறேன். 90 நொடி என்பது ஒரு சாதனத்துக்காக, லினக்ஸின் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி (systemd) காத்திருக்கும் வழக்கமான கால அளவு. தொடக்கத்தில் இணைக்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பில் குறிக்கப்பட்ட பார்ட்டிஷன், அதாவது வட்டுப் பகுதி, வட்டில் அகப்படாதபோது இப்படி எண்ணிக்கை ஓடும். நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன் (sudo) பிஎல்கேஐடி (blkid) கட்டளையை இயக்கி, அது காட்டும் யுயுஐடி எண்களை (UUID, ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் உரிய நீண்ட அடையாள எண்) எஃப்எஸ்டேப்பில் உள்ளவற்றோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நிறுவிய பிறகு ஸ்வாப் பார்ட்டிஷனில் (நினைவகம் போதாதபோது பயன்படும் வட்டுப் பகுதி) கை வைத்தீர்களா?

மறுமொழி 2

டிரைவர் பற்றி மட்டும் சொல்கிறேன். நம்பகமான மென்பொருளை மட்டும் தொடக்கத்தில் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், பதிவு செய்யப்படாத டிஜிட்டல் சாவியால் கையொப்பமிட்ட மாட்யூலை (டிரைவர் போன்ற துணை நிரலை) லினக்ஸின் மையமான கெர்னல் ஏற்றாது. டிரைவரை நிறுவும்போது உங்களிடம் ஒரு கடவுச்சொல் கேட்கப்பட்டிருக்கும். அடுத்த முறை கணினி தொடங்குகையில் நீலத் திரையொன்று பத்து நொடி மட்டும் நின்றிருக்கும். அதற்குள் ஒரு விசையை அழுத்தி, சாவியைப் பதிவு செய்து, அதே கடவுச்சொல்லைக் கொடுத்திருக்க வேண்டும். விட்டுவிட்டால் எந்தப் புகாரும் இல்லாமல் கணினி தொடங்கிவிடும், டிரைவர் மட்டும் ஏறாது. இந்தச் சாவிகளைக் கையாளும் மோக்யூட்டில் (mokutil) கட்டளைக்கு இம்போர்ட் (--import) என்ற தெரிவோடு அந்தச் சாவிக் கோப்பைக் கொடுத்தால் நீலத் திரை மறுபடியும் வரும். கடவுச்சொல்லை எண்களாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திரையில் உங்கள் விசைப்பலகை அமைப்பு செல்லாது, நான் ஒரு சிறப்புக் குறியை வைத்து அரைமணி நேரம் அல்லாடியிருக்கிறேன்.

கேட்டவர்

இருவர் சொன்னதும் சரியாகவே இருந்தது. 2 ஜிபி ஸ்வாப் போதாதென்று, வட்டைப் பிரிக்கும் ஜிபார்ட்டெட் (GParted) மென்பொருளில் அதை அழித்து 8 ஜிபியாக உருவாக்கியிருந்தேன். கேள்வியில் அதைச் சொல்ல வேண்டுமென்றே தோன்றவில்லை. அதனால் அதன் யுயுஐடி மாறிவிட்டது, எஃப்எஸ்டேப்பில் பழைய எண்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். நீலத் திரையையும் ஏதோ பிழையென்று எண்ணி அன்று விட்டுவிட்டேன். இப்போது சாவியைப் பதிவு செய்ததும் சாளரங்கள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன, வெளித்திரையும் 1920×1080இல் வந்துவிட்டது. ஆயினும் தொடக்கத்தில் இன்னும் ஏறத்தாழ அரை நிமிடம் நிற்கிறது.

மறுமொழி 1

அதற்கும் அதே பழைய எண்தான் காரணமாக இருக்கும். உறக்கநிலையிலிருந்து மீள்வதற்காக ஸ்வாப்பின் யுயுஐடி, இனிட்ராம்எஃப்எஸ் (கெர்னலுடன் முதலில் ஏற்றப்படும் சிறு தொடக்கக் கோப்புத் தொகுப்பு) அமைப்புகளின் கான்ஃப்.டி அடைவிலுள்ள ரெஸ்யூம் கோப்பிலும் (/etc/initramfs-tools/conf.d/resume) எழுதப்பட்டிருக்கும். அதையும் திருத்தி, அந்தத் தொகுப்பைப் புதுப்பிக்கும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் (update-initramfs) கட்டளையைத் தவறாமல் இயக்குங்கள். கோப்பை மட்டும் மாற்றினால் பலன் இருக்காது.

கேட்டவர்

மாற்றிவிட்டேன், அந்த அரை நிமிடமும் போய்விட்டது. நன்றி.