தேன்கனிக்கோட்டை மலைப் பக்கம் வீட்டோடு தங்கி, பிதுக்குப் பருப்புச் சாறு சாப்பிட வழி இருக்கிறதா?

தர்மபுரி தையல்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கும் வீட்டுக்காரருக்கும் கல்யாணமாகி 14 வருஷம் ஆகிறது. இதுவரை இரண்டு பேர் மட்டும் எங்கும் போய்த் தங்கியதில்லை. பொங்கல் வரைக்கும் எனக்குத் தையல் வேலை தலைக்கு மேல் இருக்கும். பொங்கல் முடிந்த மறு வாரம் பையனை என் அம்மா பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கிடைக்கும்.

ஏற்காடு போகலாம் என்றார் இவர். எனக்கு வேறு ஓர் ஆசை. என் மாமியார் தளிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பிறந்த வீட்டில் கன்னடம்தான் பேச்சு. தர்மபுரிக்கு வாக்கப்பட்டு வந்து நாற்பது வருஷம் ஆன பிறகும், மார்கழி பிறந்தால் அவருடைய தம்பி ஒரு மூட்டை அவரைக்காய் பஸ்ஸில் போட்டு அனுப்புவார். ராத்திரி அத்தை கால் நீட்டி உட்கார்ந்து, ஊறின கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்குவார். தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். காலையில் களியும் அந்தச் சாறும். அத்தை இருக்கிறார்களே என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளாமல் இருந்துவிட்டேன். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. தம்பியும் இப்போது இல்லை.

நானே இரண்டு தடவை செய்து பார்த்தேன். இவர் முழுசாகச் சாப்பிட்டார். "நல்லா இருக்கு, ஆனா சொகடு இல்ல" என்றார். சொகடு என்றால் என்ன என்று கேட்டால், "அம்மா சொல்லுவாங்க" என்பதோடு சரி. அவருக்கும் விளக்கத் தெரியவில்லை.

போன வருஷம் குடும்பத்தோடு ஒரு மலை விடுதிக்குப் போயிருந்தோம். காலையில் பிரெட், மதியம் ஃப்ரைட் ரைஸ். ஊர்ச் சாப்பாடு கேட்டதற்கு, முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். அதனால்தான் இந்தத் தடவை விடுதி வேண்டாம், ஒரு வீட்டில் தங்க வேண்டும் என்று இருக்கிறேன். அடுப்படியில் என்னையும் உட்கார விடுகிற வீடாக இருந்தால் போதும். ஸ்கூட்டரில்தான் வருவோம். எந்தப் பக்கம் வரலாம், யானை பயம் எப்படி, தை மாதத்தில் அவரை இருக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அஞ்செட்டி ரோட்டுக்காரன் எழுதியது:

தைரியமாக வாங்க சகோதரி. தை முடியும் வரை அவரைக்குக் குறைவில்லை. எங்கள் பக்கம் ராகிக் காட்டில் நடுநடுவே சாலாக அவரை போடுவோம். ராகி அறுத்த பிறகும் அவரைக் கொடி நின்று காய்த்துக்கொண்டிருக்கும். மாசி பிறந்துவிட்டால் காய் முற்றிவிடும், அப்புறம் பிதுக்க வராது.

வழி: தர்மபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை. ராயக்கோட்டையில் தக்காளி மண்டிக்கு லாரிகள் வந்து போகும் நேரமாக இருந்தால் நெரிசல் இருக்கும், பொறுத்துத்தான் வர வேண்டும். தேன்கனிக்கோட்டையிலிருந்து அய்யூர் காட்டு வழியாக பெட்டமுகிலாளம் மேலே ஏறுங்கள். கன்னடத்தில் பெட்ட என்றால் மலை, முகிலு என்றால் நம் முகில். தை மாதக் காலையில் அங்கே நின்று பார்த்தால், ஏன் அந்தப் பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யானை விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். ஐப்பசியில் ராகி கதிர் பிடிக்கும்போது பன்னேருகட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாகக் கூட்டமாக இறங்கும். தை வரைக்கும் இந்தப் பக்கத்துக் காடுகளில்தான் சுற்றும். அஞ்செட்டி வட்டாரக் காடுகள் 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. காடு அதுங்களுடையது, நாம்தான் ஓரமாகப் போக வேண்டும். பொழுது சாய்வதற்குள் வீடு சேர்ந்துவிடுங்கள். காலையிலும் பனி விலகி, வெயில் ஏறிய பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். காட்டுக்குள் படம் எடுக்க இறங்காதீர்கள்.

தங்குவதற்கு மேலே எனக்குத் தெரிந்த விவசாயி வீடு ஒன்று இருக்கிறது. மகன் பெங்களூரில் வேலைக்குப் போன பிறகு முன் அறை காலியாகக் கிடக்கிறது. தெரிந்தவர்கள் வந்தால் தங்க வைப்பார்கள். தனிச் செய்தியில் விவரம் அனுப்புகிறேன்.

காவிரிக்கரை எழுதியது:

இரண்டு நாள் என்றால் ஒகேனக்கல்லையும் சேர்த்துக்கொள்ளலாமே? அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாகக் காட்டு ரோட்டில் இறங்கினால் நேராக அங்கே வரலாம். பரிசல் ஏறி, கரையில் மீன் பொரித்துச் சாப்பிட்டுவிட்டு, பென்னாகரம் வழியாக தர்மபுரி போய்விடலாம்.

தர்மபுரி தையல்காரி:

நன்றி அண்ணா. ஒகேனக்கல் எங்களுக்குப் பக்கம்தான். ஆடிப் பெருக்குக்கு வருஷா வருஷம் போகிறோம். இந்தத் தடவை ஒரே இடத்தில் உட்கார வேண்டும்.

கெலமங்கலம் சுசீ எழுதியது:

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் வீட்டில் தாத்தா சேலம் ஜில்லா என்பார், அப்பா தர்மபுரி ஜில்லா என்பார், நான் கிருஷ்ணகிரி மாவட்டம் என்கிறேன். 1965-இல் ஒரு தடவை, 2004-இல் ஒரு தடவை பிரித்தார்கள். வீடு அதே வீடுதான். வீட்டுக்குள் கன்னடம், தெருவில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ். சாப்பாடும் அப்படித்தான். நீங்கள் குழம்பு என்பதை நாங்கள் சாறு என்போம். நீங்கள் சொல்கிற பிதுக்குப் பருப்பு எங்களுக்கு இதுகிதபேளே.

சொகடு என்பது அவரைக்காயின் வாசனை. வாசனை என்று சொன்னாலும் போதாது. பனி குடித்த காயைக் கையில் எடுத்தால் தோல் மேல் எண்ணெய் மாதிரி ஒரு பிசுபிசுப்பு ஒட்டும். ஒரு கூடை உரித்து முடித்தால் விரல் நுனி கறுத்துப் பிசின் பிடித்திருக்கும். சோப்புப் போட்டாலும் மறுநாள் வரை அந்த மணம் போகாது. அதுதான் சொகடு. பனி விழ விழச் சொகடு ஏறும் என்பார்கள். கொடியிலிருந்து பறித்து இரண்டு நாள் ஆன காயில் பாதிக்கு மேல் போய்விடும். நீங்கள் உரித்து வைத்த கொட்டையைச் சந்தையில் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் எப்படி இருக்கும்? உங்கள் கைப்பக்குவத்தின் மேல் குற்றமே இல்லை.

செய்முறை சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு இரண்டு கிலோ காய் வேண்டும். உரித்த கொட்டையை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். காலையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து அழுத்தினால் பருப்பு துள்ளி விழும். தனியா, காய்ந்த மிளகாய், கொஞ்சம் கசகசா, ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு வறுத்து, தேங்காய், சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை சேர்த்து அரைக்க வேண்டும். கடுகு தாளித்து, வெங்காயம் வதக்கி, பருப்பைப் போட்டு ஒரு புரட்டு. அப்புறம் தண்ணீரும் உப்பும். பருப்பு முக்கால் வெந்த பிறகுதான் அரைத்தது. குக்கர் வேண்டவே வேண்டாம், குழைந்து போகும். கரண்டியை அடிக்கடி விடாதீர்கள், பருப்பு இரண்டாகப் பிளந்துவிடும். புளி எங்கள் வீட்டில் போடுவதில்லை. உங்கள் அத்தை போட்டாரா?

தர்மபுரி தையல்காரி:

அக்கா, இவரிடம் படித்துக் காட்டினேன். விரல் கறுத்திருக்கும் என்ற இடத்தில் "ஆமா, ஆமா" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். புளி போட்ட ஞாபகம் இவருக்கு இல்லை. போய் வந்து எழுதுகிறேன்.

தர்மபுரி தையல்காரி (போய் வந்த பிறகு):

தாமதத்துக்கு மன்னியுங்கள். வந்ததும் இரண்டு சடங்கு ஜாக்கெட் காத்திருந்தன.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். தேன்கனிக்கோட்டையில் இட்லி சாப்பிட்டு, பதினொரு மணிக்குள் மேலே போய்விட்டோம். அண்ணா சொன்ன வீடு ஓட்டு வீடு. முன் திண்ணையில் ராகித் தட்டு அடுக்கி வைத்திருந்தார்கள். வீட்டு அம்மாவுக்கு எழுபது வயசு இருக்கும். வண்டியை நிறுத்துவதற்குள் வாசலுக்கு வந்து, "ஊட்டா ஆயித்தா?" என்றார். நான் விழித்தேன். சாப்பாடு ஆச்சா என்று கேட்டாராம். இவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, "இன்னூ இல்லா, அவ்வா" என்றார், இன்னும் இல்லை என்று.

அத்தை போன பிறகு இவர் வாயில் கன்னடம் நான் கேட்டதே இல்லை. பேச ஆள் இல்லையே. அந்த இரண்டு நாளும் இவர் அந்த அவ்வாவோடு பேசிக்கொண்டே இருந்தார். பாதிதான் எனக்குப் புரிந்தது. நடுநடுவே அத்தையின் சொற்கள் வந்தபோதெல்லாம் நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன்.

மத்தியானம் உப்புச்சாறு. கீரையும் பருப்பும் வேக வைத்த தண்ணீரைத் தனியாக வடித்து, உப்பு மட்டும் போட்டது. பக்கத்தில் மிளகாயும் பூண்டும் அரைத்த காரம் ஒரு சுண்டைக்காய் அளவு. அவரவருக்கு வேண்டிய அளவு கரைத்துக்கொள்ள வேண்டும். வெந்த கீரையும் பருப்பும் தாளித்துத் தனிப் பொரியல். ஒரே பானையில் இரண்டு பதார்த்தம். இதைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை, எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

சாயங்காலம் அவ்வாவும் நானும் கீழ்க் காட்டுக்குப் போய் அவரை பறித்தோம். அக்கா, நீங்கள் எழுதினது அத்தனையும் உண்மை. பத்துக் காய் பறிப்பதற்குள் விரல் ஒட்ட ஆரம்பித்தது. மோந்து பார்த்தேன். கொஞ்சம் பச்சை நெய் மாதிரி, கொஞ்சம் மழை பட்ட இலை மாதிரி. எனக்குப் புதிது இல்லை அந்த மணம். மார்கழி மாதம் அத்தையின் முந்தானையில் இருந்தது அதுதான். இத்தனை வருஷம் அது அவருடைய புடவைப் பெட்டி வாசனை என்று நினைத்திருந்தேன்.

ராத்திரி மூன்று பேரும் உட்கார்ந்து உரித்தோம். தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. களத்தில் ராகிப் போர் இருக்கிறவர்கள் யானைக்காகக் காவல் இருக்கிறார்களாம். அவ்வா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. குளிர் தாங்காமல் நான் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உரித்தேன்.

காலையில் பிதுக்கும்போது முதல் ஐம்பது பருப்பு என் கையில் நசுங்கிப்போனது. நான் நகத்தால் கிள்ளினேன். "உகுரு பேடா" என்றார் அவ்வா, நகம் வேண்டாமாம். கொட்டையின் மூக்கு இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் பிடித்து விரல் சதையால் அழுத்தினால், மூக்குப் பக்கமே வாய் திறந்து பருப்பு வெளியே வந்துவிடுகிறது. ஊசியில் நூல் கோர்க்கிற பழக்கம் உள்ள விரல்தானே, அப்புறம் வேகம் வந்துவிட்டது.

சாறு சுசீ அக்கா சொன்ன மாதிரிதான். ஒரே வித்தியாசம், அவ்வா கசகசா போடவில்லை, தேங்காயைக் குறைத்து ஒரு கை பருப்பையே அரைத்துச் சேர்த்தார். களிக்கு நாங்கள் நொய் போடுவோம். அங்கே மாவு மட்டும். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் குவித்துக் கொட்டி, நடுவில் துடுப்பால் ஒரு குழி. மாவு வெந்ததும் பானையைக் கீழே இறக்கி, துணி சுற்றி இரண்டு பாதங்களுக்கு நடுவே அணைத்துக்கொண்டு கிண்டினார். இந்த வயசில் அந்தத் தோள் பலத்தைப் பார்த்து நான் வாங்கிக் கிண்டினேன். அரை நிமிஷம்தான் முடிந்தது.

இவர் களியைக் கிள்ளி, சாறில் தோய்த்து, மெல்லாமல் அப்படியே விழுங்கினார். ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வாய்க்கு அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சொகடு இருக்கு" என்றார்.

தங்க வருகிறவர்களுக்கு: சாப்பாட்டோடு இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 1,800 ரூபாய் கொடுத்தோம். கேட்டது அதைவிடக் குறைவு. வெந்நீர் விறகடுப்பில் போட்டுத் தருவார்கள், கழிப்பறை வெளியே. கம்பளி, டார்ச் எடுத்துப் போங்கள். செல்போன் சிக்னல் களத்து மேட்டில் மட்டும். சமையல் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் ஒரு நாள் முன்னால் சொல்லுங்கள், காய் பறிக்க வேண்டும் அல்லவா.

கிளம்பும்போது ஐந்து கிலோ காய் பையில் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

கெலமங்கலம் சுசீ:

பருப்பையே அரைத்துச் சேர்ப்பது எங்கள் அவ்வாவும் செய்ததுண்டு, நான் மறந்தே போயிருந்தேன். நாளைக்கே செய்து பார்க்கிறேன். தங்கச்சி, எங்கள் கொடியில் இரண்டு சால் காயை நெற்றாக விட்டிருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது என்றால் சொல்லுங்கள், விதை எடுத்து வைக்கிறேன். ஆடியில் ஊன்றினால் மார்கழிக்குக் காய்க்கும்.

தர்மபுரி தையல்காரி:

இடம் இருக்கிறது அக்கா. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அத்தை துணி காயப் போட்ட கம்பி இன்னும் அப்படியே நிற்கிறது. கொடி ஏற அது போதுமா?

கெலமங்கலம் சுசீ:

தாராளமாகப் போதும். காலை வெயில் மட்டும் படட்டும்.