2012 மாடல் செகண்ட் ஹேண்ட் கார்: ஏர்பேக் ரீகால் முடிந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

நாகை_வண்டி:
எல்லாருக்கும் வணக்கம். போன தை மாதம் ஒரு 2012 மாடல் செடான் வாங்கினேன். நான் மூன்றாவது ஓனர். கம்பெனி பேர் இங்கே வேண்டாம். வண்டி முதலில் சென்னை, அப்புறம் காரைக்கால், இப்போது நாகப்பட்டினத்தில் என்னிடம். 84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அடியில் கொஞ்சம் துரு, கடலோர ஊர் வண்டிக்கு அது சகஜம். மற்றபடி இன்ஜினிலும் ஏசியிலும் குறை சொல்ல முடியாது.

போன வாரம் வீல் அலைன்மென்ட் பார்க்கப் போன இடத்தில், மெக்கானிக் அண்ணன் ஸ்டீயரிங் நடுவில் விரலால் தட்டி, "இதுக்கு ஏர்பேக் மாத்தியாச்சா? இந்த வருஷத்து வண்டிக்கு ரீகால் வந்துச்சே" என்றார். ரீகால் என்றால் குறையுள்ள பாகத்தைக் கம்பெனியே திரும்பப் பெற்று மாற்றித் தருவதாம். பழைய ஓனர் கொடுத்த ஃபைலை வீட்டில் கொட்டித் தேடினேன். இன்சூரன்ஸ் இருக்கிறது, புகைச் சான்றிதழ் இருக்கிறது, 2016-இல் டயர் வாங்கிய பில்கூட இருக்கிறது. ஏர்பேக் பற்றி ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

சாவியைத் திருப்பினால் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைகிறது. அப்படியென்றால் ஏர்பேக் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? என் மனைவி தினமும் இந்த வண்டியில்தான் வேளாங்கண்ணிக்கு வேலைக்குப் போய் வருகிறாள். உயரம் கம்மி என்பதால் சீட்டை முன்னால் இழுத்து, ஸ்டீயரிங்கை ஒட்டித்தான் உட்காருவாள். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ஸ்பேனர்_செட்:
விளக்கு அணைவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், தம்பி. பத்தொன்பது வருஷம் இந்த வேலையில் இருக்கிறேன், நிறைய பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்த விளக்கு பார்ப்பது மின் இணைப்பை. வயர் விட்டுப் போயிருந்தால், சென்சார் கெட்டிருந்தால் எரியும். உள்ளே இருக்கிற மருந்து கெட்டுப் போனது அதற்குத் தெரியாது.

உங்கள் மெக்கானிக் சொன்னது, ஏர்பேக் தயாரித்த தகாட்டா கம்பெனியின் விவகாரமாகத்தான் இருக்கும். பை விரிய வேண்டிய வாயுவை உண்டாக்குவது இன்ஃப்ளேட்டர் என்ற இரும்பு டப்பி. தகாட்டா கம்பெனி அதில் அம்மோனியம் நைட்ரேட் போட்டது, பலவற்றில் ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைக்காமல். நம் ஊர் பட்டாசு நமுத்தால் புஸ்ஸென்று போய்விடும். இது நேர்மாறு. வருஷக்கணக்காக வெயிலும் ஈரக்காற்றும் மாறி மாறிப் பட்டு அந்த மருந்து வில்லைகள் பொடிந்து போகின்றன. அப்புறம் தீப்பிடிக்கும்போது மளமளவென்று எரிந்து, அழுத்தம் தாங்காமல் டப்பியே வெடிக்கிறது. பையைக் கிழித்துக்கொண்டு இரும்புத் துண்டு முகத்துக்கும் கழுத்துக்கும் வருகிறது. சின்ன இடியாக இருந்தாலும் ஏர்பேக் விரிந்தால் இந்த ஆபத்து உண்டு.

அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகளைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். ஹோண்டா, டொயோட்டா, நிசான், பிஎம்டபிள்யூ என்று பல கம்பெனி வண்டிகள் அதில் உண்டு. அங்கே முதலில் மாற்றச் சொன்னது ஃப்ளோரிடா மாதிரி சூடும் ஈரமும் அதிகமான இடங்களில். சென்னை, காரைக்கால், நாகை என்று உங்கள் வண்டி ஒரு நாள்கூடக் கடற்காற்றை விட்டு விலகவில்லை. இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆர்சியில் 17 எழுத்தில் சேஸிஸ் நம்பர் இருக்கும். கார் கம்பெனி இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். டிரைவர் பக்கம், பக்கத்து சீட் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றை மாற்றி இன்னொன்றை விட்ட வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். அதுவரை உங்கள் மனைவி வேறு வண்டியில் போகட்டும்.

சாலை_ராஜா:
இவ்வளவு அலைச்சல் எதற்கு? ஏர்பேக் ஃபியூஸைப் பிடுங்கிவிடுங்கள். இல்லை என்றால் பழைய பார்ட்ஸ் கடையில் ஒரு செட் வாங்கி மாட்டிவிடலாம், விலை கம்மி.

ஸ்பேனர்_செட்:
ராஜா, தயவுசெய்து இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். ஃபியூஸைப் பிடுங்கினால் நிஜமான விபத்தில் காப்பாற்ற ஏர்பேக் இருக்காது. பழைய கடையில் கிடைப்பது இதே தகாட்டா டப்பியாகவே இருக்கலாம். ரீகால் வேலைக்குக் காசே கிடையாது. எத்தனையாவது ஓனர் என்பதும் கணக்கில்லை, ரீகால் வண்டிக்குத்தான்.

கிள்ளான்_மணி:
மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே வெயிலும் ஈரமும் வருஷம் முழுக்க. 2014-இல் சரவாக்கின் சிபுவில் ஒரு கர்ப்பிணிப் பெண் தன் காடியில் (காரில்) ஏர்பேக் வெடித்து இறந்துபோனார். பிள்ளையும் பிழைக்கவில்லை. அமெரிக்காவுக்கு வெளியே இந்தக் கோளாறால் உறுதியான முதல் சாவு அது. அதன் பிறகும் இங்கே பல உயிர் போனது. அதற்கு அப்புறம்தான் என் அண்ணன் தன் பழைய காடியைக் கொண்டுபோய் மாற்றினார். கடிதம் வரும் என்று காத்திருக்காதீர்கள். அது பழைய ஓனர் வீட்டுக்குத்தான் போகும்.

வக்கீல்_குமாஸ்தா:
ஒரு விஷயம் மட்டும். இந்தியாவில் அரசே கட்டாய ரீகால் செய்யச் சொல்லும் விதி 2021 ஏப்ரல் 1-இல் வந்தது. அது ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. அதைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனி தானாக அறிவித்த ரீகால் வேறு. எதைக் கேட்டாலும் மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் இருக்கட்டும்.

நாகை_வண்டி:
எல்லாருக்கும் நன்றி. அன்று ராத்திரியே நம்பரைப் போட்டுப் பார்த்தேன். பக்கத்து சீட் 2018-இலேயே மாற்றியாகிவிட்டது. டிரைவர் பக்கம் பாக்கி. அதைப் படித்ததும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. மறுநாளிலிருந்து மனைவி பஸ்ஸில் போனாள்.

சர்வீஸ் சென்டரில் முதலில், "பழைய வண்டி, மூன்றாவது ஓனர், பார்ட் வராது" என்றார்கள். கம்பெனி வாடிக்கையாளர் பிரிவுக்கு சேஸிஸ் நம்பரோடு மின்னஞ்சல் போட்டேன். ஒன்பதாம் நாள் அதே சர்வீஸ் சென்டரிலிருந்து கூப்பிட்டார்கள்.

நேற்று வேலை முடிந்தது. பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் விட்டு, ஹாரன் மூடியை எடுத்துக் காட்டினார் அந்தப் பையன். பின்னால் உள்ளங்கை அளவு வட்ட டப்பி. நெஞ்சுக்கு நேராக இருக்கிற இடம் அது. பழையதை என்னிடம் தரவில்லை, கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். ஜாப் கார்டில் புது பார்ட் சீரியல் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டேன், தொகை பூஜ்யம். மனைவிக்கு சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஸ்டீயரிங்கைத் தாழ்த்தி, நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே 25 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்தேன்.

காரைக்கால் ஓனருக்கும் போன் செய்தேன். அவர் மச்சானிடம் இதே மாடல், 2011 வண்டி இருக்கிறதாம். ஆர்சியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.