புதுப்பிப்பு: மாமாவின் தலைசுற்றலும் வாளிப் பரிசோதனையும்

கோபிச்செட்டிபாளையத்து மாமாவுக்குத் திடீர்த் தலைசுற்றல், நடந்தால் இடப்பக்கம் தள்ளுகிறது, பிரஷரும் சர்க்கரையும் சரியாகத்தான் இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கோயம்புத்தூரில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டியாச்சு.

அங்கே செய்த ஒரு பரிசோதனை எனக்குப் புதுசு. ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் முகத்தை விடச் சொன்னார்கள். உள்ளே அடியில் ஒரு கோடு. வெளிப்பக்கம் கோணமானியும் தொங்கும் நூலும். வாளியைச் சாய்த்துவிட்டு மெதுவாகத் திருப்புவார்கள். கோடு நட்டமாகத் தெரியும்போது நிறுத்தச் சொல்ல வேண்டும். சுவர், கதவு எதுவும் கண்ணில் படாததால் உள்காது சொல்வதைத்தான் பெரிதும் நம்ப வேண்டும்.

"நானு கொத்தனாருங்க, தூக்குக்குண்டு இல்லாமயே சொல்லுவனுங்க" என்றார் மாமா. பலமுறை பார்த்துச் சராசரி எடுத்தால் இடப்பக்கம் 7 டிகிரி சாய்வு! 2, 2.5 டிகிரிக்குள் இருந்தால்தான் இயல்பு.

இடது காதின் சமநிலை நரம்பில் அழற்சியாம். மூளைத்தண்டில் கோளாறு என்றாலும் கோடு சாயும் என்பதால், கண்ணசைவுகளையும் சோதித்த பிறகே அப்படிச் சொன்னார்கள். நாள்பட மூளையே இந்தச் சாய்வைச் சரிக்கட்டிக்கொள்ளும். அதனால் பழைய தலைசுற்றல்காரர்களுக்கு வாளிச் சோதனை இயல்பாக வந்தாலும் காதில் கோளாறே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பயிற்சிகள் நடக்கின்றன. சாரம் ஏறக்கூடாது என்றதில்தான் மாமாவுக்குக் கோபம்.