கோட்டையா, அரணா?

சதுரங்கத்தில் காய்கள் குறைவாக இருந்தும், எதிரி உள்ளே நுழைய வழியில்லாமல் டிரா ஆகிவிடும் நிலையை ஆங்கிலத்தில் fortress என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது? வந்த யோசனைகளும் என் பதில்களும் கீழே.

> ‘கோட்டை நிலை’ என்றே வைத்துவிடலாமே. யாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். யானையையே பலர் கோட்டை என்கிறார்கள். ராஜாவைப் பாதுகாப்பாக ஓரத்துக்குக் கொண்டுபோவது கோட்டை கட்டுவது. ‘வெள்ளை கோட்டையை இழந்து கோட்டை நிலைக்குப் போனது’ என்று எழுதிப் பாருங்கள், தலை சுற்றும்.

என் ஓட்டு ‘அரண்’ என்பதற்கு. 2017-இல் இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸின் பென்ரோஸ் நிறுவனம் வெளியிட்ட சதுரங்கப் புதிரை எடுத்துக்கொள்வோம். கருப்பிடம் ராஜா, ராணி, இரண்டு யானை, மூன்று மந்திரி, ஐந்து சிப்பாய். வெள்ளையிடம் ராஜாவும் நாலு சிப்பாயும்தான். ஆனால் கருப்பின் ராணியும் யானைகளும் சிப்பாய் நெரிசலில் அடைபட்டுக் கிடக்கின்றன. மந்திரிகள் மூன்றும் கருப்புக் கட்டத்தில் ஓடுபவை. வெள்ளையின் சிப்பாய்களோ நாலும் வெள்ளைக் கட்டத்தில். எட்டும் தூரத்தில் இருக்கும் யானையை வெட்ட ஆசைப்படாமல், ராஜாவைக் குறுக்காக வெள்ளைக் கட்டங்களிலேயே உலாத்த விட்டால் போதும், ஐம்பது நகர்வு விதியில் (இரு பக்கமும் ஐம்பது நகர்வு வரை வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாவிட்டால் சமன்) டிரா. சதுரங்கம் ஆடும் கணினி நிரல்களான எஞ்சின்கள் காய்களின் மதிப்பைக் கூட்டிப் பார்த்து, கருப்புக்கு வெற்றி என்றன.

பழந்தமிழில் மதில் மட்டும் அரண் இல்லை. நீர், மலை, காடு எல்லாமே அரண்தான். இங்கும் யாரும் எதையும் கட்டவில்லை, நிலத்தின் அமைப்பே காக்கிறது.

> ‘முடக்கம்’ எப்படி?

வேண்டாம். ராஜாவுக்குப் போக இடமே இல்லாத ‘ஸ்டேல்மேட்’ நிலையோடு குழம்பும். இங்கே அவர் ஹாயாக நடக்கிறார்.

> கணினி எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதே, இந்தச் சொல்லுக்கு இனி என்ன வேலை?

தீர்த்தது, ராஜாக்களையும் சேர்த்துப் பலகையில் ஏழு காய் மிஞ்சும் நிலைகள் வரைதான். அந்த நிலைகளின் முடிவுகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த அட்டவணைகள் அவை: லொமனோசவ் 2012-இல், சிசிஜி (Syzygy) 2018-இல். அந்த எல்லைக்குள் யோசிக்கவே வேண்டாம், பார்த்துச் சொல்லிவிடும். மேலே சொன்ன புதிரில் 17 காய்கள். அங்கே தேடித்தான் ஆகவேண்டும். தேடல் ஆழம், அதாவது எஞ்சின் முன்னோக்கிப் பார்க்கும் நகர்வுகள், 30, 40 என்று ஏறியும் அது தரும் மதிப்பெண் அசையாமல் நின்றால், நான் அரணைச் சந்தேகிப்பேன். முன்னேற வழி இருந்தால் எண் ஏறியிருக்குமே.

அப்புறம், எனக்கே இடிக்கிற ஒன்று, வினைச்சொல். ‘அரண் அமைத்தான்’ என்றால் கட்டியதாகிவிடுகிறது. ‘அரண் புகுந்தான்’ சரிவருமா? இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.