ஐ-485 போட்டாச்சு, ஊருக்குப் போய் வரலாமா?

கல்யாணம் ஆன கையோடு கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, ஊருக்கு ஒரு நடை போய் வரலாமா என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இது அமெரிக்காவுக்குள் இருந்தபடியே கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 படிவத்தைப் போட்டவர்களுக்கு மட்டும். நான் வக்கீல் இல்லை. ஒரு முறை தவறு செய்து, அதற்குப் பிறகு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டவள்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எஃப்-1 விசாவில் படிக்க வந்து, படிப்பை ஒட்டி மாணவர்களுக்குக் கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதியான ஓ.பி.டி.யில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் இங்கே குடியுரிமை பெற்றவர். 2024 கோடையில் டெக்ஸாஸ் கவுண்டி அலுவலகத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, கணவர் எனக்காகப் போடும் மனுவான ஐ-130, என்னுடைய ஐ-485, வேலை அனுமதிக்கான ஐ-765 எல்லாவற்றையும் ஒரே உறையில் அனுப்பினோம். ஐ-131 மட்டும் அனுப்பவில்லை. அதுதான் வெளிநாடு போய்த் திரும்ப அனுமதி கேட்கும் படிவம். அட்வான்ஸ் பரோல் என்கிறார்களே, அது இதில்தான் வரும். 2024 ஏப்ரல் 1-க்கு முன்பு ஐ-485 கட்டணத்துக்குள்ளேயே அதுவும் அடக்கம். அன்று முதல் தனியாக 630 டாலர் கட்ட வேண்டியதாகிவிட்டது. ஐ-485-க்கு 1,440, ஐ-765-க்கு 260 என்று ஏற்கெனவே கை கடித்ததால், "இப்போதைக்கு எங்கேயும் போகப்போவதில்லையே" என்று ஐ-131-ஐ விட்டுவிட்டோம்.

அக்டோபரில் திருச்சியில் என் அப்பாயி இறந்துபோனார். என்னை வளர்த்தவர். நான் போகவில்லை. போயிருந்தால் என் ஐ-485 அங்கேயே முடிந்திருக்கும். வீடியோ காலில் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே நான் சொல்ல வந்த விஷயம் இதுதான்: ஊருக்குப் போகும் எண்ணம் துளியும் இல்லாவிட்டாலும் ஐ-485 போடும் அன்றே ஐ-131-ஐயும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். அப்போது விட்டுவிட்டவர்கள் ஐ-485 ரசீதை வைத்து இன்றைக்கே தனியாகப் போடலாம். நானும் அப்பாயி காரியம் முடிந்த வாரத்தில் அப்படித்தான் போட்டேன். கட்டணங்கள் மாறக்கூடியவை, அனுப்புகிற அன்று குடிவரவுத் துறையான யூ.எஸ்.சி.ஐ.எஸ். தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, விதி என்ன? ஐ-485 நிலுவையில் இருக்கும்போது அட்வான்ஸ் பரோல் கையில் இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினால், விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டுவிட்டதாக எடுத்துக்கொண்டு நிராகரித்துவிடுவார்கள். "பாஸ்போர்ட்டில் எஃப்-1 விசா இன்னும் இரண்டு வருஷத்துக்கு இருக்கிறதே" என்பதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. அந்த விசா இந்த இடத்தில் உதவாது. பி-2, எஃப்-1, ஓ-1 எதுவானாலும் இதே கதைதான். என்னோடு படித்த தோழி ஒருத்தி, ஐ-131 ரசீது வந்துவிட்டது, அதுவே போதும் என்று யாரோ சொன்னதை நம்பி அம்மாவின் அறுவை சிகிச்சைக்குக் கிளம்பிப் போனாள். ரசீது என்பது அனுமதி இல்லை. அவள் அங்கே இருக்கும்போதே ஐ-131-உம் போனது, ஐ-485-உம் போனது. ஐ-130 மட்டும் பிழைத்தது, ஏனென்றால் அது கணவர் போட்ட மனு. அதைப் பிடித்துக்கொண்டு நேஷனல் விசா சென்டர் வழியாக மும்பைத் தூதரகத்தில் நேர்காணல் வரைக்கும் காத்திருந்து, ஒரு வருஷத்துக்கும் மேல் பிரிந்திருந்து வந்து சேர்ந்தாள். அனுமதிக் கடிதம் அச்சாகிக் கையில் இருக்க வேண்டும், நீங்கள் திரும்பி வந்து இறங்கும் தேதி வரை அது செல்லுபடியாக வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் விமானம் ஏறாதீர்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, நம்மவர்களில் பலர் அதற்குள் வருவார்கள். எச்-1பி, எல்-1 என்ற வேலை விசாக்களிலோ, அவர்களுடைய மனைவி, கணவர், பிள்ளைகளுக்கான எச்-4, எல்-2 விசாக்களிலோ இருப்பவர்கள் செல்லுபடியாகும் அதே வகை விசாவோடு போய், அதே நிலையில் திரும்பி நுழைந்தால் ஐ-485-க்கு ஒன்றும் ஆகாது. அட்வான்ஸ் பரோல் கட்டாயமில்லை. ஆனாலும் இவர்களையும் நான் ஐ-131 போடச் சொல்வேன். எச்-4-இல் இருக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் ஊரில் இருக்கும்போது இங்கே கணவருக்கு வேலை போய்விடுகிறது. எச்-4 என்பது முழுக்க அவருடைய எச்-1பி-யைச் சார்ந்தது. அந்த எச்-1பி நிலைக்கு அதற்குப் பிறகு கிடைப்பது அதிகபட்சம் 60 நாள். அவள் எதைக் காட்டி உள்ளே வருவாள்? அதே மாதிரி, கணவர் எச்-1பி-யை விட்டுவிட்டு, ஐ-765 போட்டு வாங்கிய வேலை அனுமதி அட்டையில் (ஈ.ஏ.டி.) வேறு வேலைக்கு மாறினாலும் மனைவியின் எச்-4 அத்தோடு நின்றுவிடும். வீட்டில் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளாமல் செய்கிற காரியம் இது. கொஞ்சம் கவனமாக இருங்கள்.

அப்புறம் ஸ்டாம்பிங், அதாவது ஊரில் இருக்கும் தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் புது விசா வாங்குவது. விசா காலாவதியான எச்-1பி, எச்-4 ஆட்கள் சென்னைத் தூதரகத்தில் புதுப்பித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கு இப்போது சரிவருவதில்லை. 2025 டிசம்பர் 15 முதல் இந்த இரண்டு வகையினரின் சமூக ஊடகக் கணக்குகளையும் ஆராய்கிறார்கள். அதை ஒட்டிப் பலருடைய நேர்காணல் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. நேர்காணல் முடிந்த பிறகும் 221(ஜி) என்று காகிதம் கொடுத்து நிறுத்திவைக்கலாம். கையில் அட்வான்ஸ் பரோல் இருந்தால் ஸ்டாம்பிங்கே இல்லாமல் திரும்பிவிடலாம் என்பதுதான் என் வாதம். ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும்: ஐ-131 நிலுவையில் இருக்கும்போது எச்-1பி விசாவில் போய் வந்தால் ஐ-485 பத்திரமாக இருக்கும், ஆனால் அந்த ஐ-131 விண்ணப்பம் ரத்தாகும். மறுபடி பணம் கட்டி முதலில் இருந்து போட வேண்டும்.

இனி, அம்மா அப்பாவிடம் பேச வேண்டிய விஷயம். எங்களைப் போல இங்கே பதிவுத் திருமணம் செய்துவிட்டு, ஊரில் முகூர்த்தம் பார்த்துத் தாலி கட்டலாம் என்று இருப்பவர்கள் நிறையப் பேர். தை மாதம் நல்ல முகூர்த்தம் இருக்கிறது என்று மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் நமக்கே சொல்வார்கள். அட்வான்ஸ் பரோல் வர எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. எனக்கு ஐந்து மாதம் ஆனது. கடிதம் வந்த பிறகுதான் ஜோசியரிடமே போக வேண்டும் என்று வீட்டில் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கோபப்படுவார்கள், பரவாயில்லை. மண்டபத்துக்குக் கொடுத்த பணம் போகிறதே என்று புறப்பட்டுப் போய் ஐ-485-ஐத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று: சட்டப்படி உங்கள் திருமண நாள் இங்கே பதிவு செய்த நாள்தான். ஊரில் நடப்பதைச் சடங்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் யாராவது உதவி செய்வதாக நினைத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் புதுத் தேதியில் இன்னொரு சான்றிதழ் வாங்கிவிட்டால், இரண்டு தேதிகளுக்கும் நேர்காணலில் நீங்கள்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கே பதிவு எதுவும் செய்யாமல், கல்யாணமே ஊரில்தான் நடக்கப்போகிறது என்றால் நிலைமை நேர்மாறு. எச்-1பி-யில் இருந்துகொண்டு, வேலை வழியில் ஐ-485 போட்டுவிட்டுப் பெண் பார்க்கும் தம்பிகள் இதைக் கூர்ந்து படியுங்கள். உங்கள் கிரீன் கார்டு ஒப்புதல் ஆவதற்கு முன்பே திருமணம் நடந்திருக்க வேண்டும். ஒரு நாள் முன்னால் நடந்திருந்தாலும் போதும், கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் தேதியான பிரயாரிட்டி டேட்டிலேயே மனைவிக்கும் பங்கு உண்டு. எச்-4-இல் வந்து, எந்தத் தேதிவரை வரிசை நகர்ந்திருக்கிறது என்று மாதாமாதம் சொல்லும் விசா புல்லட்டினில் உங்கள் தேதி திறந்திருந்தால் அவர் தனியாக ஐ-485 போடலாம். இல்லாவிட்டால் நீங்கள் ஐ-824 போட்டு அவரைத் தூதரகம் வழியாக அழைத்துக்கொள்ளலாம். ஒப்புதலுக்கு ஒரு நாள் பிந்தி நடந்தால் அவர் கிரீன் கார்டுக்காரர்களின் மனைவி, கணவர், பிள்ளைகளுக்கான எஃப்2ஏ என்ற வேறு வரிசையில் கடைசியில் போய் நிற்க வேண்டும். நீங்கள் எச்-1பி-யில் இல்லாததால் எச்-4 வழியும் மூடிவிடும். தேதி நெருங்குகிறது என்றால் நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே எட்டு மாத இடைவெளி வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். 90 நாளுக்குள் செய்யலாம் என்றாலும், நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் இருவரும் நேரில் நின்று முடித்துவிடுவது நல்லது. பத்திரிகையும் போட்டோவும் மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஒன்றும் செய்ய முடியாது.

அவசரம் என்று வந்துவிட்டால் என்ன செய்வது? இதுதான் அக்டோபரில் எனக்குத் தெரியாமல் போனது. குடும்பத்தில் மரணம், உயிருக்கு ஆபத்தான நோய் என்றால் அவசர அட்வான்ஸ் பரோல் கேட்கலாம். யூ.எஸ்.சி.ஐ.எஸ். தொடர்பு மையத்தை 1-800-375-5283 என்ற எண்ணில் அழைத்து, உங்கள் பகுதி அலுவலகத்தில் அவசர நேரம் வாங்க வேண்டும். நிரப்பிய ஐ-131, கட்டணம், ஐ-485 ரசீது, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், பயண விவரம், காரணத்துக்கான ஆதாரம் இவற்றோடு நேரில் போக வேண்டும். ஆதாரம்தான் முக்கியம். மருத்துவமனையின் பெயர் அச்சிட்ட தாளில், நோய் என்ன, நிலைமை எவ்வளவு மோசம் என்று ஆங்கிலத்தில் எழுதி, மருத்துவர் கையெழுத்தும் தேதியும் போட்டு வாங்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் மங்கலான மாத்திரைச் சீட்டு போதாது. கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை, ஆனால் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். நான் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமோ என்ற நினைப்பு எனக்கு இன்றும் போகவில்லை.

விசாக் காலம் தாண்டி இங்கே தங்கிவிட்டு, பிறகு குடிமகனையோ குடிமகளையோ மணந்து விண்ணப்பித்தவர்கள், அட்வான்ஸ் பரோல் கையில் வந்தாலும் வக்கீலைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். 180 நாளுக்கு மேல் சட்டத்துக்குப் புறம்பாக இருந்துவிட்டு வெளியேறினால் மூன்று வருஷமும், ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் பத்து வருஷமும் தடை விழும். 2012-இல் அராபல்லி, எர்ராபெல்லி என்ற இந்தியத் தம்பதியின் வழக்கில், அட்வான்ஸ் பரோலில் போய் வருவது அந்தப் பத்து வருஷத் தடையைக் கொண்டுவரும் வெளியேற்றம் ஆகாது என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்தது. அது பெரிய ஆறுதல்தான். ஆனாலும் உங்கள் வழக்கில் வேறு சிக்கல் இருக்கிறதா என்பதை விவரம் தெரிந்தவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

போகும்போது யாராவது தபால் பெட்டியைப் பார்க்க வேண்டும். நேர்காணல் கடிதமோ, கூடுதல் ஆதாரம் கேட்கும் ஆர்.எஃப்.இ. கடிதமோ வந்து, கெடு தாண்டிவிட்டால் அதுவே நிராகரிப்புக்குக் காரணமாகும். அமெரிக்கத் தபால் துறையின் இன்ஃபார்ம்டு டெலிவரி இலவசம், வரும் கடிதங்களின் படம் தினமும் மின்னஞ்சலில் வந்துவிடும். ஊரில் இருக்கும்போது ஐ-485 நிராகரிக்கப்பட்டால் கையில் இருக்கும் அட்வான்ஸ் பரோலும் செல்லாது. அதனால் நேர்காணல் நெருங்கும் வேளையில் நீண்ட பயணம் வேண்டாம்.

நம் ஆட்களுக்கே உரிய பெயர்ச் சிக்கலும் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்ததால் என் விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியவில்லை) என்று அடித்திருந்தார்கள். ஐ-485, ஐ-131, விமானச் சீட்டு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். என் சீட்டில் இனிஷியல் வேறு இடத்தில் விழுந்து, சென்னை விமான நிலையத்தில் முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்தார்கள்.

எந்த வழியாகப் பறக்கிறீர்கள் என்பதும் முக்கியம். லண்டன், ஐரோப்பா வழியாக மாறும்போது இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குச் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் கிடைக்கும் சலுகை, அட்வான்ஸ் பரோல் கடிதத்துக்குக் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அது விசா அல்ல. நான் தோஹா வழியாக வந்தேன்.

இங்கே வந்து இறங்கியதும் கைரேகை எடுத்துவிட்டு, தனி அறைக்கு அனுப்பினார்கள். அட்வான்ஸ் பரோலில் வருகிற எல்லோரையும் வழக்கமாக அங்கேதான் அனுப்புவார்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஒன்றரை மணி நேரம் ஆனது, அடுத்த விமானத்துக்கு அதற்கேற்ற இடைவெளி வையுங்கள். அசல் கடிதத்தையும் ஐ-485 ரசீதையும் கைப்பையில் வைத்திருங்கள், பெட்டியில் வேண்டாம். இப்படி வந்த பிறகு நான் எஃப்-1 மாணவி இல்லை, பரோலில் இருப்பவள். ஐ-485 மறுக்கப்பட்டால் திரும்பிப் பிடித்துக்கொள்ள எஃப்-1 இல்லை என்பதைத் தெரிந்துதான் போனேன். எச்-1பி ஆட்கள் பரோலில் நுழைந்தாலும் அதே நிறுவனத்தில் வேலையைத் தொடரலாம், நீட்டிப்பும் கேட்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94-ஐத் தளத்திலிருந்து இறக்கி, அட்வான்ஸ் பரோலில் வந்ததைக் குறிக்கும் டி.ஏ. என்று சரியாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போகும்போது அதைக் கேட்பார்கள், தவறு இருந்தால் அதற்கு முன்பே திருத்திக்கொள்வது சுலபம்.