நிலவுக்குப் போனால் நிறை குறையுமா? ஏஐ போட்ட விடைக்குறிப்பால் வந்த வினை

மன்னை டீச்சர்:

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தமிழ்வழிக்கு அறிவியல் எடுக்கிறேன். 22 வருடம் ஆகிறது. கொரோனா காலத்தில் வேறு வழியில்லாமல் பிடித்துக்கொண்ட ஒரு வகுப்பறைச் செயலியை இன்னும் விடவில்லை. வாரத்தேர்வு, வீட்டுப்பாடம் எல்லாம் அதில்தான்.

இந்த வருடம் அதில் ஒரு ஏஐ பொத்தான் முளைத்திருக்கிறது. பாடத்தின் பெயரைச் சொல்லி, ஒரு மதிப்பெண் எத்தனை, இரண்டு மதிப்பெண் எத்தனை என்று கேட்டால் வினாத்தாளும் விடைக்குறிப்பும் அரை நிமிடத்தில் வந்து விழுகிறது. பிள்ளைகள் செல்பேசியில் எழுதினால் ஒரு மதிப்பெண் வினாக்களை அதுவே திருத்திவிடும். நம் அறிவியல் தாள் உங்களுக்குத் தெரியும்: 75 மதிப்பெண், அதில் ஒரு மதிப்பெண் 12. மீதியைத் திருத்தவே கண் பூத்துவிடுகிறது. அந்தப் பன்னிரண்டு வினாவாவது கையை விட்டுப் போகட்டுமே என்று ஆசைப்பட்டேன்.

முதல் அலகு, இயக்க விதிகள். 20 வினா கேட்டேன். மேலோட்டமாகப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. இரவு பத்தே முக்கால், அடுப்பில் பால் வேறு. அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஒரு பெண் புத்தகத்தைத் திறந்து பிடித்தபடி வாசலில் நிற்கிறாள். எட்டாவது வினா இது: “நிலவுக்குச் செல்லும் ஒருவரின் நிறை ஆறில் ஒரு பங்காகக் குறையும். சரியா, தவறா?” இவள் ‘தவறு’ என்று போட்டிருக்கிறாள். செயலி ‘சரி’தான் விடை என்று சுழியம் போட்டுவிட்டது. “மிஸ், நிறை எங்கே போனாலும் மாறாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எடைதானே குறையும்?”

நான்தான் சொன்னேன். 60 கிலோ ஆள் பூமியில் 588 நியூட்டன், நிலவில் சுமார் 97.5 நியூட்டன், ஆனால் நிறை இரண்டு இடத்திலும் அதே 60 கிலோதான் என்று கரும்பலகையில் கட்டம் போட்டு நடத்தினேன். 38 பேர் எழுதியதில் 32 பேர் ‘தவறு’ போட்டு மதிப்பெண் இழந்திருக்கிறார்கள். ‘சரி’ போட்டவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரும் அன்றைக்கு நான் நடத்தியபோது எங்கே இருந்தார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்!

அப்புறம் உட்கார்ந்து முழுத் தாளையும் படித்தேன். ஒரு வினாவில் ‘நிறை’, அடுத்ததில் ‘திணிவு’. பதினாறாவது வினாவில் ‘ஆர்முடுகல்’ என்று ஒரு சொல். முடுகு என்றால் எனக்குத் தெரிந்தது சிந்துப் பாட்டில் வருவது. இது தானாகவே சொல்லை உண்டாக்கிக்கொள்கிறதா, இல்லை அடிப்படை இயற்பியலே தெரியவில்லையா? உங்களில் யாராவது தமிழ்வழிக்கு இதை ஒழுங்காக வேலை வாங்கியிருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.

லேப் சார்:

டீச்சர், எந்தச் செயலி என்று நீங்கள் சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் கூகுள் கிளாஸ்ரூம், அதை வைத்துச் சொல்கிறேன். அதில் உள்ள ஜெமினி என்ற ஏஐ கருவிகள் முன்பு தனிச் சந்தா கட்டியவர்களுக்குத்தான் கிடைத்தன. 2025 ஜூனில் பள்ளிகளுக்கான கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் கட்டணமில்லாமல் திறந்துவிட்டார்கள். பள்ளியின் நிர்வாகக் கணக்கில் அனுமதி கொடுத்தால்தான் வரும்.

பாடத்தின் பெயரை மட்டும் கொடுத்தால் எந்த ஏஐயும் தான் எங்கெங்கோ படித்ததை வைத்துத்தான் எழுதும். நம் புத்தகத்தை அதன் முன்னால் வைக்க வேண்டும். நான் நோட்புக்எல்எம் என்ற கூகுளின் ஏஐ கருவியைப் பயன்படுத்துகிறேன். நாம் ஏற்றும் பாடத்தை வைத்துத்தான் பதில் சொல்லும், ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டு எந்தப் பத்தியிலிருந்து எடுத்தது என்றும் காட்டும். இலவசக் கணக்கிலேயே ஒரு நோட்டில் 50 கோப்பு ஏற்றலாம். பாடத்தை இரண்டு பேர் பேசுகிற மாதிரி தமிழில் ஒலியாகவும் கொடுக்கும். பேருந்தில் வரும் பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கிறது. எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஒரே ‘ஆமாம் ஆமாம்’.

ஏற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பாடநூல் பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஒழுங்கான தமிழாக வந்தால் சரி. ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த கிறுக்கலாக வந்தால், அந்தக் கோப்பு பழைய எழுத்துரு முறையில் அமைந்தது. நம் கண்ணுக்குத் தமிழ், கணினிக்குக் கிறுக்கல். அப்படியானால் பக்கத்தைப் படமாக்கி கூகுள் டிரைவில் ஏற்றி, அதை டாக்ஸ் வழியாகத் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். கால் எழுத்தையும் ‘ர’வையும் குழப்பும், ஒரு முறை படித்துத் திருத்திவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஹெச்எம்:

அம்மா, கோபித்துக்கொள்ளக் கூடாது. விடைக்குறிப்பைத் தேர்வுக்கு முன் ஆசிரியர் தானே ஒரு முறை எழுதிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் காலத்து வழக்கம். ஸ்டென்சில் வெட்டி உருட்டிய காலத்திலும் அச்சுப்பிழை வந்தது. மிஷினையா குறை சொன்னோம்? பால் பொங்குகிற நேரத்தில் வினாத்தாள் அனுப்பாதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. பிள்ளைகளின் பெயர், மதிப்பெண் பட்டியலை இதில் ஏற்றி ‘பின்தங்கியவர் யார்’ என்று கேட்கிற பழக்கம் சில இடங்களில் வந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் எல்லோரும் குழந்தைதான். பத்தாம் வகுப்பு முழுக்க அதில் அடங்கும். பெயரை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் போடுங்கள்.

வடமராட்சி வாத்தி:

மன்னை டீச்சருக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உங்கள் எட்டாவது வினாவை இரண்டு தரம் வாசித்துப்போட்டுத் தனியாக இருந்து சிரித்தேன். குறை நினைக்க வேண்டாம், அந்த விடை சரி!

எங்கட பாடப்புத்தகத்தில் நீங்கள் ‘நிறை’ என்பது ‘திணிவு’. நீங்கள் ‘எடை’ என்பதுதான் எங்களுக்கு ‘நிறை’. ஆகவே ஒருவர் நிலவுக்குப் போனால் அவருடைய திணிவு மாறாது, நிறை ஆறில் ஒரு பங்காகக் குறையும். எங்கட பிள்ளைகள் ‘சாதாரண தரம்’ என்ற பொதுப் பரீட்சையில் அப்படித்தான் எழுத வேண்டும். ‘தவறு’ என்று போட்டால் புள்ளி வெட்டுவோம்.

ஆர்முடுகலும் ஏஐ கண்டுபிடித்த சொல் அல்ல. உங்கட ‘முடுக்கம்’தான் அது. வேகம் குறைந்துகொண்டு போனால் அமர்முடுகல். ஆர்தலும் அமர்தலும் எவ்வளவு வடிவாகப் பொருந்துகிறது பாருங்கள். நிலைமத்துக்கு நாங்கள் சடத்துவம் என்போம். நீங்கள் ‘திசைவேகம்’ என்று விளங்கப்படுத்துவதை நாங்கள் வேகம் என்று விட்டுவிடுவோம், உங்கட வேகம் எங்களுக்குக் கதி. ஆற்றல் என்றால் சக்தி, திறன் என்றால் வலு, செல் என்றால் கலம், ஒளிச்சேர்க்கை என்றால் ஒளித்தொகுப்பு. உந்தமும் விசையும் இரண்டு பக்கமும் ஒன்று.

தமிழில் விஞ்ஞானம் படிப்பிக்கிறது எங்களுக்கு இன்று நேற்று வந்ததில்லை. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் 1864 இலேயே தமிழில் மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். இரண்டு கரையும் தனித்தனியாகச் சொல் ஆக்கிக்கொண்டு வந்ததில் இப்படி ஆகிவிட்டது. உங்கட செயலிக்கு இயற்பியல் தெரியும் டீச்சர். பாக்கு நீரிணைதான் தெரியாது.

எனக்கும் எதிர்ப்பக்கமாக நடக்கிறது. ஒட்சிசன் கேட்டால் ஆக்சிஜன் வரும். அது பிள்ளைகளுக்கு விளங்கும், பிரச்சினை இல்லை. இந்த ‘நிறை’ ஒன்றுதான் பொல்லாதது. சொல் ஒன்றாக இருக்கிறபடியால் பார்க்கிற கண்ணுக்குப் பிழை தெரியாது.

லேப் சார்:

அடடா, இது எனக்கே தெரியாது சார். இணையத்தில் உங்கள் பக்கத்துப் பரீட்சைத் தாள்கள் கணினிக்குப் புரியும் யூனிகோட் எழுத்தில் நிறைய இருந்து, எங்கள் பக்கத்துப் பாடம் கிறுக்கலாகக் கிடந்தால், ஏஐ எதைப் படித்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். என் ஊகம்தான்.

டீச்சர், இப்போது வழி சுலபம். சொற்பட்டியல் ஒன்று தயார் செய்து ஒவ்வொரு முறையும் கட்டளைக்கு மேலே ஒட்டுங்கள். வெறுமனே ‘தமிழ்நாட்டுப் பாடத்திட்டம்’ என்று எழுதினால் அது தலையாட்டிவிட்டுப் பழையபடியே எழுதும். ‘நிறை என்றால் பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு, அலகு கிலோகிராம். எடை என்றால் ஈர்ப்பு விசை, அலகு நியூட்டன். திணிவு என்ற சொல் வரவே கூடாது’ என்று அலகோடு சேர்த்து எழுத வேண்டும்.

மன்னை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. வடமராட்சி சார், உங்கள் பதிலை ஸ்டாஃப் ரூமில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தமிழாசிரியர் ‘அமர்முடுகல்’ என்ற சொல்லைக் கையில் எழுதிக்கொண்டு போனார்.

ஒரு வாரம் முயன்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் பிடிஎஃப் கிறுக்கல் வகைதான். முதல் அலகைப் படமாக்கி எழுத்தாக மாற்றித் திருத்தவே ஒரு சனிக்கிழமை போய்விட்டது. 24 சொல்லுக்குப் பட்டியல் போட்டிருக்கிறேன். இப்போது வரும் ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண் வினாக்கள் பரவாயில்லை, 20-க்கு 17 அப்படியே எடுக்கலாம். நான்கு மதிப்பெண் கணக்குகளில் இன்னும் சொதப்புகிறது. 50 கிலோ பையன் மேல்நோக்கிய முடுக்கத்தோடு போகும் லிஃப்டில் நின்றால் தோற்ற எடை என்ன என்று கேட்டுவிட்டு, விடைக்குறிப்பில் முடுக்கத்தைக் கழித்திருந்தது, கூட்ட வேண்டிய இடத்தில். இதற்கு யாழ்ப்பாணத்திலும் மன்னிப்பு கிடைக்காது.

முன்பெல்லாம் ஒரு தாளுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க ஆகும். இப்போது முக்கால் மணி நேரம், அதில் அரை மணி நான் விடைகளைப் போட்டுப் பார்ப்பது. ஹெச்எம் ஐயா, பால் காய்ச்சி இறக்கிய பிறகுதான் உட்காருகிறேன்.

அந்தப் பெண்ணையே வகுப்பில் நிற்கவைத்து இரண்டு ஊர் அர்த்தத்தையும் சொல்லச் சொன்னேன். 32 பேருக்கும் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டாயிற்று. ஒரு சங்கடம்தான் பாக்கி. ‘சரி’ போட்ட ஆறு பேரின் மதிப்பெண்ணை எடுக்கப் போனால், ஒரு பையன் எழுந்து “மிஸ், நான் இலங்கைத் தமிழ்ல யோசிச்சேன்” என்கிறான்.

வடமராட்சி வாத்தி:

அவனுக்கு மட்டும் அந்தப் புள்ளியை விடுங்கோ டீச்சர். மற்ற ஐந்து பேரிடமும் சடத்துவம் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள்.