பொருத்தமான நடிகர், மறக்காத வேடம்: காட்சி சொல்லி உதவுங்க

சிங்கப்பூர் தோ பாயோவில் ஒரு சிறு திரைப்படக் கலந்துரையாடலுக்கு 2 நிமிடக் காட்சிகள் தேடுறோம். பஞ்ச் வசனம் வேண்டாம். கைத்தட்டல்ல நடிப்பு காணாமப் போயிடும். எதிராளி பேசும்போது முகம் என்ன செய்யுதுன்னு தெரியணும்.

‘படையப்பா’ (1999) ஊஞ்சல் காட்சி உறுதி. ரஜினி துண்டால ஊஞ்சலை இழுக்கும்போது ரம்யா கிருஷ்ணன் முகத்தைப் பாருங்க, நீலாம்பரிக்கு வேற ஆளே கிடையாது. ‘திருவிளையாடல்’ (1965) நாகேஷின் தருமி புலம்பலை மட்டும் வெட்டாம முழுசா போடுவோம். நடுவுல வெட்டினா அந்தத் தாளம் செத்துடும்.

இடறுறது பழைய பெண் வேடங்கள்தான். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) மனோரமாவைத் தாண்டி, 1980க்கு முந்தியது ஒண்ணு சொல்லுங்க அண்ணே, அக்கா. படம், நடிகை, காட்சி தொடங்கும் நிமிடம் மூணும் வேணும். இளையர்களும் வருவாங்க, ஆங்கில சப்டைட்டில் இருந்தா நல்லது.